மரத்தடி வாத்தியார்



பள்ளி மைதானத்தில் நிமிர்ந்து நின்று தேசிய கீதம் பாடுகிறீர்கள் அல்லவா? அதை எழுதியவர் யார் என்று கேட்டால், "ரவீந்திரநாத் தாகூர்!" என்று உடனே கை தூக்குவீர்கள். நோபல் பரிசு வாங்கிய ஆண்டு? "1913!" மார்க் வாங்க இது போதும். ஆனால், அந்த வெண்தாடித் தாத்தா எப்படி எழுதுவார், எழுதியதை யாரிடம் முதலில் காட்டுவார் என்பதெல்லாம் பரீட்சையில் வராது. அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

தாகூருக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். கொல்கத்தாவில் பெரிய பணக்கார வீடு அவர்களுடையது. ஆனாலும், பையனை வெளியே விடமாட்டார்கள். வேலைக்காரர் ஒருவர் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, "இதைத் தாண்டினால் ஆபத்து!" என்று மிரட்டி, உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாராம். கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன ஆயிற்று என்று ராமாயணக் கதை கேட்டவன் ஆயிற்றே! பையன் அசையமாட்டான்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு குளம். கரையில் ஒரு ஆலமரம். வேறு வழியில்லாமல் அதையே பார்த்தான். குளிக்க வருகிறவர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முழுக்குப் போடுவதைப் பார்த்தான். எல்லாரும் போன பிறகு வாத்துகள் வருவதைப் பார்த்தான். விழுதுகளுக்கு நடுவே இருட்டு எப்படிக் கூடுகிறது என்று பார்த்தான். வயதான பிறகு தன் வாழ்க்கைக் கதையை எழுதும்போது, அந்தக் குளத்தை ஒரு படப் புத்தகம் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறார். அதுதான் அவருடைய முதல் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிகள் மாற்றிப் பார்த்தார்கள், எதிலும் ஒட்டவில்லை. கடைசியில் நின்றேவிட்டார். (இதை மட்டும் அம்மாவிடம் போய்ச் சொல்லிக் கேட்காதீர்கள்! அவர் பள்ளியைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. வீட்டுக்கே வாத்தியார்கள் வந்து வறுத்தெடுத்தார்கள். விடியற்காலையில் குஸ்தி வகுப்பு வேறு!)

அப்படிப்பட்டவர் 1901ல் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்! வங்காளத்தில் சாந்திநிகேதன் என்ற இடம். செம்மண் பூமி, பொட்டல் காடு. அவருடைய அப்பா வாங்கிப் போட்டிருந்த நிலம். மாணவர்கள் மொத்தம் ஐந்து பேர்தான்; அதில் ஒருவர் அவருடைய மகன். கையில் பணம் போதவில்லை. புரியில் இருந்த வீட்டை விற்றார். மனைவி மிருணாளினி தேவி தன் நகைகளைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவரும் இறந்துபோனார். அவ்வளவு துக்கத்திலும் தாகூர் பள்ளியை மூடவில்லை.

அங்கே வகுப்புகள் மரத்தடியில்தான். ஆளுக்கொரு சின்னப் பாய் அல்லது ஆசனம். அதைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போய் உட்கார வேண்டும். மழை வந்தால்? ஓட வேண்டியதுதான்! வார விடுமுறைகூட ஞாயிறு இல்லை, புதன்கிழமை. கணக்கும் உண்டு, அறிவியலும் உண்டு. அதில் தப்ப முடியாது. ஆனால், மரத்தைப் பற்றிப் படிக்கும்போது தலைக்கு மேலே மரம் இருக்கும்.

தாகூர் விடியுமுன் எழுந்துவிடுவார். கிழக்கே பார்த்து அமைதியாக உட்கார்ந்திருப்பார். அப்புறம் எழுத்து, எழுத்து, எழுத்துதான். ஏறத்தாழ 2,000 பாட்டுகளுக்கு மேல் எழுதி மெட்டும் போட்டவருக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் இருந்தது. தான் போட்ட மெட்டு தனக்கே மறந்துவிடும்! அதனால் புதுப் பாட்டு பிறந்தால் அண்ணன் பேரன் தினேந்திரநாத்தைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டுவார். அவர் கேட்டு, நினைவில் வைத்து, ஸ்வரமும் எழுதி வைப்பார். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். தாத்தாவின் பாட்டுகள் பிழைத்தது இப்படித்தான், அடுத்தவர் காதில் போட்டு வைத்ததால்!

எழுதும்போது அடித்தல் திருத்தல் வந்தால் நாம் என்ன செய்வோம்? தாளைக் கிழித்துக் கசக்குவோம். அவர் அடித்த இடங்களைக் கோடுகளால் இணைப்பார். அது ஒரு பறவையாகும், விநோதமான மிருகமாகும். இந்தக் கிறுக்கலே வளர்ந்து, அறுபது வயதுக்கு மேல் அவரை ஓவியராகவும் ஆக்கிவிட்டது. 1930ல் பாரிஸ் நகரில் கண்காட்சியே நடந்தது!

ஒருமுறை ஒரு சிறுவன் அம்மாவோடு அவரைப் பார்க்கப் போனான். கையில் புத்தம் புது ஆட்டோகிராஃப் நோட்டு. தாத்தா அதை வாங்கி வைத்துக்கொண்டார், உடனே தரவில்லை. அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தபோது, வெறும் கையெழுத்தோடு நிற்காமல், அவனுக்காகவே எட்டு வரிக் கவிதை ஒன்றை அதில் எழுதியிருந்தார். பனித்துளியைப் பற்றிய கவிதை. பெரியவனானதும் அவனுக்கு அர்த்தம் புரியும் என்றாராம். அந்தச் சிறுவன் பெரியவனாகி, உலகமே கொண்டாடிய சினிமா இயக்குநர் சத்யஜித் ரே ஆனார்.

நமக்கு வருகிற உங்கள் கவிதைகளில் நிலா நிறைய இருக்கிறது, ரோஜா நிறைய இருக்கிறது. உங்கள் தெருமுனைப் புங்கமரத்தை மட்டும் காணவே காணோம்! அதன் பூ எந்த மாதம் கொட்டுகிறது? அதில் எந்தக் குருவி உட்காருகிறது? பத்து நாள் பார்த்துவிட்டு நாலு வரி எழுதி அனுப்புங்களேன். "எனக்குக் கவிதை வராதே" என்று வெட்கப்படுகிறவர்கள், பார்த்ததை அப்படியே எழுதினாலும் சரி. தபாலில் போடுமுன் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சாந்திநிகேதன் பிள்ளைகளுக்கு இதற்கென்றே 'சாகித்ய சபா' என்ற கூட்டம் உண்டு. தாங்கள் எழுதியதைத் தாங்களே படிப்பார்கள். கேட்பவர்கள் கைதட்டுவதற்குப் பதில், "சாது, சாது" என்று சொல்லிப் பாராட்டுவது அங்கே வழக்கம்.

அந்தச் செம்மண் பொட்டல் இப்போது பெரிய தோப்பு. 1928ல் தாகூர் அங்கே ஒரு திருவிழா தொடங்கினார். மரக்கன்றை அலங்காரப் பல்லக்கில் ஏற்றி, பாட்டுப் பாடி ஊர்வலமாகக் கொண்டுபோய் நடுவார்கள். 1941 ஆகஸ்ட் 7ல் அவர் மறைந்தார். வங்காள நாள்காட்டிப்படி அந்த நாள் வரும்போதெல்லாம், சாந்திநிகேதனில் கன்றுக்குப் பல்லக்கு தயாராகிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்