அரைத்த மாவையே அரைக்கலாமா?

சின்னத்திரையில் நகைச்சுவைத் தொடர்களைப் பார்க்கும்போது, "இதை முன்பே பார்த்தோமே!" என்று நம்மில் பலருக்கும் தோன்றுவதுண்டு. கூடத்தில் ஒரு சோபா, அசட்டுக் கணவன், அதட்டும் மனைவி, வந்து தங்கிவிட்ட உறவினர். பெயர்கள்தாம் வேறு; வீடு ஒன்றே. இதற்குக் காரணம் கற்பனை வறட்சி மட்டும்தானா? அன்று என்றே நாங்கள் கருதுகிறோம்.

1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஐ லவ் லூசி', மூன்று காமிராக்களைக் கொண்டு, பார்வையாளர் முன்னிலையில் அரங்கிலேயே படமாக்கப்பட்டது. அது வெற்றி பெறவே, பிறரும் அவ்வழியே சென்றனர். 1984-இல் நம் தூர்தர்ஷனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யும் கணவன், மனைவி, அவளுடைய உடன்பிறந்தான் என ஒரு வீட்டுக்குள்ளேயே சுழன்றது. ஒரே அரங்கை வாரந்தோறும் பயன்படுத்தினால் செலவு குறையும். விளம்பரம் தருபவரும் முன்பு வென்றதையே விரும்புவார். நட்டத்துக்கு அஞ்சும் இடத்தில் புதுமைக்கு இடமேது?

ஆயினும் இரவல் வாங்குவதெல்லாம் குற்றமன்று. அயல்நாட்டார் ஆங்கிலம் பயிலும் வகுப்பைக் காட்டிய இங்கிலாந்தின் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' (1977), 1993-இல் தூர்தர்ஷனில் 'ஜபான் சம்பால்கே' ஆயிற்று. அங்கே இந்தி பயில வந்தவர்களுள் நம் பல மாநிலத்தாரும் இருந்தனர். விதை வெளியூர், விளைந்தது நம் மண்ணில்.

எங்கள் கவலை வேறு. கதையோடு கேலியும் நகலெடுக்கப்படுகிறது. பருமனான பெண், கறுத்த பெண், மாமியார், வீட்டு வேலை செய்யும் அம்மாள் ஆகியோரே மீண்டும் மீண்டும் சிரிப்புக்கு இலக்காகின்றனர். திரையில் நூறு முறை கேட்டது வகுப்பறைக்கும் வருகிறது. ஆண்டு விழா நாடகத்துக்கு வசனம் எழுத உட்கார்ந்தால், பேனா முனையில் முதலில் வந்து நிற்பதும் அதுவே. அவையில் எல்லாருடனும் சேர்ந்து சிரித்த தோழி, மறுநாள் மதிய உணவைத் தொடாமல் மூடிவைத்தால் அந்தச் சிரிப்பால் யாருக்கு என்ன பயன்?

நம் லாஸ்பேட்டையில் சிரிப்புக்கா பஞ்சம்? தமிழும் பிரெஞ்சும் கலந்து அதிகாரம் செய்யும் 'சொல்தா' தாத்தா, தலைக்குமேல் விமானம் போனால் வாய்ப்பாட்டை மறந்துவிடும் தங்கை, தேர்வுக்கு முந்திய நாள் மட்டும் பக்தைகளாகிவிடும் நாம்! இவற்றை எழுத எந்தத் தொடரையும் பார்க்க வேண்டியதில்லை.

பெற்றோரே, அருட்சகோதரியரே, அடுத்த விழாவுக்கு எங்கள் நாடகத்தைத் திருத்தும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "யாரைப் பார்த்து இங்கே சிரிக்கிறார்களோ, அவரும் மனமாரச் சிரிப்பாரா?" இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள், நாங்கள் வேறு எழுதித் தருகிறோம்.