எருமைக் கிடேரிக்கு முதலில் தீனி, ஊசி பிறகு

மூன்று வயதாகியும் பருவத்துக்கு வராத கிடேரிக்கு ஹார்மோன் ஊசி போட்டால் சினை நின்றுவிடும் என்று உடன்குடி வட்டாரத்தில் பலர் நம்புகிறார்கள். எடை 250 கிலோவை எட்டாத, கால்நடை மருத்துவர் கைவிட்டுச் சினைப்பையைப் பார்த்திராத எந்த முர்ரா கலப்புக் கிடேரிக்கும் ஹார்மோன் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

பருவத்தைத் தொடங்கி வைப்பது மூளை. அங்கே ஹைப்போதாலமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். அடுத்தடுத்த துடிப்புகளாக வந்தால்தான் பிட்யூட்டரி சுரப்பி போதிய எல்.எச். ஹார்மோனை விடும், கருமுட்டை வெளிவரும். இளங்கிடேரியின் உடம்பில் ஊறும் சொற்ப ஈஸ்ட்ரோஜனே இந்தத் துடிப்பை அமுக்கி வைக்கிறது. முழு எடையில் 55 முதல் 60 சதவீதம் சேர்ந்த பிறகே அந்தப் பிடி தளரும். அதற்கு முன் புரோஸ்டாகிளாண்டின் போட்டுப் பயனில்லை. அது கரைக்க வேண்டிய கார்பஸ் லூட்டியமே சினைப்பையில் இருக்காது. சினையாக இருப்பது தெரியாமல் போட்டுவிட்டாலோ, கன்று விழுந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 30 கிலோவில் பிறந்த கன்று நாளுக்கு 400 கிராம் ஏறினால் பதினெட்டு மாதத்தில் 250 கிலோ. 250 கிராம்தான் ஏறுகிறது என்றால் இருபத்தொன்பது மாதம். அந்தப் பதினோரு மாதத்தை நாம் இழப்பது கன்றுப் பருவத்தில்: பாலை முழுக்கக் கறந்துகொண்டு, குடற்புழு மருந்தைத் தள்ளிப்போட்டு, வெறும் வைக்கோலில் வளர்க்கும்போது.

பருவம் வந்ததையே கவனிக்காமல் விடுவதும் உண்டு. எருமை பசுவைப்போல் கத்தி ஊரைக் கூட்டாது. முதல் பருவம் பெரும்பாலும் ஊமைப் பருவம். விடியுமுன் தொழுவத்தில் பாருங்கள்: அறையில் கண்ணாடிபோன்ற கோழை, வாலில் ஒட்டிக் காய்ந்த தடம், அடிக்கடி சொட்டுச் சொட்டாக மூத்திரம். சித்திரை, வைகாசியில் தேரி மணல் கொதிக்கும்போது இதுவும் மங்கிவிடும். நிழலும், மேலே ஊற்றத் தண்ணீரும் இருந்தால் கொஞ்சம் தேறும். புரட்டாசிக்குப் பிறகு பகல் குறுகும்போது எருமை தானாகவே பருவத்துக்கு வரத் தொடங்கும்.

ஹார்மோன் சிகிச்சையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடையும் உடம்பும் தேறியும் சினைப்பை அசையாத கிடேரிக்கு, மருத்துவர் பார்த்து வைக்கும் புரோஜெஸ்டிரான் சாதனம் பலன் தரக்கூடியது. கடைக்காரர் சொல்லி வாங்கும் ஊசியைத்தான் எதிர்க்கிறோம்.

2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.80 லட்சம் எருமைகள், 2019இல் 5.19 லட்சம். இருக்கும் கிடேரிகளையாவது ஒழுங்காக வளர்க்க வேண்டாமா? மலட்டுத்தன்மை நீக்க முகாமுக்கு வரும் ஒவ்வொரு கிடேரியையும் கால்நடை பராமரிப்புத் துறை முதலில் டேப்பால் அளக்க வேண்டும். மார்புச் சுற்று 60 அங்குலம், தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை 46 அங்குலம் என்றால் எடை ஏறத்தாழ 250 கிலோ. அதற்குக் கீழே உள்ளவற்றுக்குத் தாது உப்புக் கலவையும் குடற்புழு மருந்தும் தீவனச் சோள விதையும் மானியத்தில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கக் கேட்கிறோம்.