குறிப்பேட்டில் எழுந்த கேள்வி

இன்றைய மாணவர்கள் செய்தி படிப்பதில்லை என்பது என் தலைமுறையினர் கூடும் இடங்களில் தவறாமல் எழும் புகார். நெடுங்காலம் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. நாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்ததைவிட அவர்கள் அதிகமாகவே படிக்கிறார்கள். ஆனால், படிக்கும் முறைதான் வேறு. முதல் பக்கத்துக்கு உரியது எது, ஏழாம் பக்கத்தின் மூலையில் இடம்பெற வேண்டியது எது என்பதை நாளிதழில் ஆசிரியர் குழு முடிவு செய்கிறது. கைப்பேசித் திரையிலோ மத்திய நிதிநிலை அறிக்கையும் பல கோடிக்கு விலைபோன வாழைப்பழமும் ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. தரம் பிரிக்கும் வேலை முழுவதும் படிப்பவர் தலையில் விழுந்துவிட்டது.

தகவல் பெருகும் இடத்தில் மனிதரின் கவனம் பற்றாக்குறைப் பொருளாகிவிடும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே எச்சரித்தார். 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். பற்றாக்குறைப் பொருளுக்குச் சந்தை உருவாவது இயல்பு. இன்று மாணவர்களின் கவனத்துக்கும் அத்தகைய சந்தை இருக்கிறது.

பணியில் இருந்த காலத்தில் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருவதுண்டு. நாள்தோறும் ஒரு செய்தி, அதனுடன் இணையத்தில் கண்ட ஒரு விந்தை. இரண்டைப் பற்றியும் நான்கு வரிக்கு மிகாமல் சொந்தக் கருத்து. மதிப்பெண் கிடையாது. ஓய்வுக்குப் பிறகும் இதைக் கேள்விப்பட்டு எழுதும் சிலர் இருக்கிறார்கள். இளங்கலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர், 2024 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு எழுதிய குறிப்பேட்டை என்னிடம் தந்தார். அவருடைய இசைவுடன் அதிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பக்கங்களில் விந்தைகளுக்கே இடம் அதிகம். நியூயார்க் ஏலத்தில், சுவரில் நாடாவால் ஒட்டப்பட்ட வாழைப்பழம் ஒன்று 62 லட்சம் டாலருக்கு விற்பனையானது. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானின் படைப்பு அது. வாங்கியவர் சில நாள்களில் பழத்தைத் தின்றுவிட்டார். அவர் உண்மையில் வாங்கியது பழத்தை அன்று, அதற்கான சான்றிதழை என்று குறித்துக்கொண்ட மாணவர், அதைத் தெருவோரத்தில் விற்றவருக்குக் கிடைத்தது 35 சென்ட் என்பதையும் எழுதியிருந்தார். வேறு கருத்து எதுவும் இல்லை. அந்த இரு எண்களே போதும் என்று நினைத்திருக்கிறார்.

இன்னொரு விந்தை ஜிம்பாப்வே நாட்டின் 100 லட்சம் கோடி டாலர் பணத்தாள். ஒன்றுக்குப் பின் 14 பூஜ்யங்கள். கட்டுக்கடங்காத பணவீக்கத்தின்போது 2009-இல் வெளியிடப்பட்டது. 2015-இல் அது திரும்பப் பெறப்பட்டபோது ஒரு தாளுக்கு ஈடாகக் கிடைத்தது 40 அமெரிக்க சென்ட்தான். இன்று பழம்பொருள் சேகரிப்போர் அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து இணையத்தில் வாங்குகிறார்கள். பணமாக இருந்தபோது இல்லாத மதிப்பு, பணமாக இல்லாமல் போனபின் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார் மாணவர். பணவியல் பாடத்தின் முதல் வகுப்பை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

மே மாதக் குறிப்பு வேறு வகையானது. இந்தியா உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது என்ற செய்தி பரவிய நேரம். மாணவர் அதற்கு அடிப்படையான பன்னாட்டு நிதியத்தின் 2025 ஏப்ரல் மாத அட்டவணையைத் தேடிப் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டுக்கு இந்தியாவின் மொத்த உற்பத்தி 4.187 லட்சம் கோடி டாலராகவும் ஜப்பானுடையது 4.186 லட்சம் கோடி டாலராகவும் இருக்கும் என்பது அதிலுள்ள கணிப்பு. ‘இருக்கும்’ என்று அட்டவணை சொன்னதை ‘ஆகிவிட்டது’ என்று தலைப்பு சொன்னது. இடைவெளியோ நூலிழை, ரூபாயின் மாற்று விகிதம் சற்று அசைந்தாலே வரிசை மாறிவிடும். அடுத்த வரியில் அவர் மக்கள்தொகையால் வகுத்திருந்தார். தனிநபர் அளவில் ஜப்பானுக்கு சுமார் 34 ஆயிரம் டாலர். நமக்கு 3 ஆயிரத்துக்கும் குறைவு. தொகுதியைப் பார்த்ததும் வகுத்தியைத் தேடும் இந்தப் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், பொருளியல் ஆசிரியருக்கு அதற்குமேல் கற்பிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஆகஸ்ட் மாதக் குறிப்பு. அதற்கு முந்தைய மாதம் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 2024-25 நிதியாண்டில், பங்கு சார்ந்த ‘ஃப்யூச்சர்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 91 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். அவர்களின் நிகர நட்டம் ஒரு லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாணவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, கீழே கேட்டிருந்தார்: ரம்மியில் பணம் வைப்பது குற்றம், வியாழக்கிழமை மாலை நிஃப்டி எங்கே முடியும் என்று பணம் வைப்பது மட்டும் எப்படி முதலீடு ஆகும்?

கேள்வி ஏட்டளவில் எழுந்ததன்று. அவருடைய விடுதி அறைத்தோழர், வீட்டிலிருந்து கட்டணத்துக்காக வந்த 18 ஆயிரம் ரூபாயை இரண்டு வியாழக்கிழமைகளில் இழந்திருக்கிறார்.

சட்டம் இதற்குத் தரும் விடை சுவையானது. பந்தயமாக அமையும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. பொருளோ பங்கோ கைமாறாமல், விலை வேறுபாட்டை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை அந்தப் பிரிவின் பார்வையில் வைத்தால் என்னவாகும் என்ற அச்சம் இருந்தது. அதனால்தான் 1999-இல் பத்திரங்கள் ஒப்பந்த ஒழுங்காற்றுச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் செய்யப்படும் இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்பது அதன் சாரம். 2000 ஜூனில் குறியீட்டு ஃப்யூச்சர்ஸும் அடுத்த ஆண்டு ஆப்ஷன்ஸும் அறிமுகமாயின. ஆக, இரண்டுக்கும் இடையே கோடு இருக்கிறது என்பதைவிட, கோடு போடப்பட்டது என்பதே பொருத்தம்.

ரம்மியின் கதை வேறு பாதையில் சென்றது. அது பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என்று 1968-இல் உச்சநீதிமன்றம் கூறியது. தமிழ்நாடு 2022-இல் இயற்றிய தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், 2023 நவம்பரில், அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கான தடை செல்லும், ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்றது. 2025-ஆம் ஆண்டு மத்திய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற விவாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தால் தடை என்று முடித்துவிட்டது.

பொருளியல் கேட்கும் கேள்வி வேறு. ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த மனிதருக்கு ஓர் இடர் இருந்ததா, அல்லது ஒப்பந்தமே இடரை உண்டாக்குகிறதா? மூன்று மாதம் கழித்து டாலர் வரவேண்டிய திருப்பூர் ஏற்றுமதியாளர் இன்றைய விலையில் அதை முன்பேரமாக விற்றால், ஏற்கெனவே உள்ள இடரை இன்னொருவரிடம் கைமாற்றுகிறார். அது காப்பீட்டின் இனம். அதை ஏற்பவர் ஊக வணிகராக இருக்கலாம். அவர் இல்லாமல் ஏற்றுமதியாளருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால், ஊகத்தை முழுவதுமாகப் பழிப்பதில் நியாயமில்லை. ஆனால், கையில் ஒரு பங்குகூட இல்லாத மாணவர் விடுதியில் அமர்ந்து நிஃப்டி ஆப்ஷன் வாங்கும்போது எந்த இடரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறார்? ஒரே ஒப்பந்தம் ஒருவருக்குக் காப்பீடு, மற்றவருக்குப் பந்தயம். சட்டம் ஒப்பந்தம் நடந்த இடத்தைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை.

செபி கைகட்டி நின்றது என்று சொல்வது நேர்மையாகாது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 2024 நவம்பரில் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வாராந்திர ஒப்பந்தம் என்று வரம்பும் வந்தது. ஆனால் 15 லட்சம் என்பது ஒப்பந்தத்தின் மதிப்பே தவிர, ஆப்ஷன் வாங்குபவர் கட்ட வேண்டிய தொகை அன்று. ஒப்பந்தம் காலாவதியாகும் நாளில் ஓர் அலகு 5 ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்ஷன் உண்டு. அன்றைய நிலையில் நிஃப்டி ஒப்பந்தம் ஒன்றுக்கு 75 அலகுகள். ஆக, 375 ரூபாய் போதும். அதை வாங்க ஒரு முறையும் விற்க ஒரு முறையும் தலா 20 ரூபாய் தரகு. பல தரகு நிறுவனங்களின் வழக்கமான கட்டணம் இது. ஜிஎஸ்டி சேர்த்தால் 47 ரூபாய். விலை 12 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். இதர வரிகளையும் கட்டணங்களையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்க ஆண்டுக் கணக்கில் யோசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், அதே 12 சதவீதத்தைப் பத்து நிமிட வணிகத்துக்குச் செலுத்துகிறார்கள்.

இழந்த பணம் எங்கே போயிற்று என்பதற்கும் பதிவு இருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த செபியின் ஆய்வுப்படி, 2023-24-இல் தரகுச் செலவுகளைக் கணக்கிடும் முன்பே தனிநபர்கள் இழந்தது 61 ஆயிரம் கோடி. சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33 ஆயிரம் கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28 ஆயிரம் கோடியும் ஈட்டின. கூட்டிப் பாருங்கள், விடை அதே 61 ஆயிரம் கோடி. இந்த இரு தரப்பின் இலாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்வழி வணிகத்தில் வந்தது. மாணவர்கள் எதிரில் இருப்பது இன்னொரு மாணவர் என்று எண்ணி ஆடுகிறார்கள். எதிரில் இருப்பது இயந்திரம்.

அதே ஆய்வின் இன்னொரு தகவல், நாற்பதைக் கடந்த பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. இந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 30 வயதுக்கு உள்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று தெரிவித்தவர்கள்.

இவ்வளவு புள்ளிவிவரம் இருந்தும் ஏன் வருகிறார்கள்? பத்தில் ஒன்பது பேர் நட்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கை 2023 ஜூலை முதல் தரகுச் செயலிகளில் தோன்றுகிறது. அதை ஒரே தொடுதலில் கடந்துவிடலாம் என்கிறது மாணவரின் குறிப்பு. அதே கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்கு முன்பு பார்த்த காணொலியில், தன் வயதுள்ள ஒருவர் ஒரு நாள் இலாபத்தின் படத்தைக் காட்டி, புதிய காரின் முன் நிற்கிறார். நூறு பேரில் இலாபம் கண்ட ஏழெட்டுப் பேரில் ஒருவராக அவர் இருக்கலாம். படமே போலியாகவும் இருக்கலாம். எஞ்சிய தொண்ணூற்றுச் சொச்சம் பேர் காணொலி வெளியிடுவதில்லை. இங்கும் காணாமல் போனது வகுத்திதான். பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் பேசுவோர் மூன்று மாதத்துக்கு உள்பட்ட விலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி விதித்தது நல்ல கட்டுப்பாடு. ஆனால், காரின் முன் நிற்பதற்கு விலைப் பட்டியல் தேவையில்லையே!

தடை வேண்டும் என்பது என் வாதமன்று. தடை செய்தால் வெளிநாட்டுச் செயலிகளுக்கும் கணக்கில் வராத ‘டப்பா’ வணிகத்துக்கும் கூட்டம் போகும். ஆனால், இருசக்கர வாகனம் ஓட்ட உரிமம் கேட்கும் நாட்டில், ஆப்ஷன் வணிகத்துக்குத் தேர்வோ வருமானத் தகுதியோ கேட்பதில் தவறில்லை. எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். பொதுவான சதவீதத்தைக் காட்டுவதைவிட, ‘இதுவரை நீங்கள் இழந்தது இவ்வளவு’ என்று அவரவர் கணக்கின் மொத்த நட்டத்தை ஒவ்வொரு முறையும் முதல் திரையில் காட்ட வேண்டும். தரகு நிறுவனங்களிடம் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. வரிக் கணக்குக்காக ஆண்டுதோறும் அறிக்கையாகத் தருகிறார்கள்.

அந்த அறிக்கையைத்தான் அறைத்தோழரைப் பதிவிறக்கம் செய்யச் சொல்லுமாறு குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தேன். இருவரும் அமர்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். 18 ஆயிரம் போனது இரண்டு வியாழக்கிழமைகளில். அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் சிறுகச் சிறுகப் போனது இன்னொரு 11 ஆயிரம். ‘அவ்வப்போது இலாபம்தான் வந்தது’ என்று அவர் அதுவரை நம்பியிருந்தாராம்.