சிறுநீரகத்திற்கும் விலைச்சீட்டா?



1987-இல் இயற்றிய சட்டத்தால் உறுப்பு விற்பனையைத் தடை செய்த நாடு சிங்கப்பூர். அங்கே 2008-இல் நடந்த வழக்கைக் கேளுங்கள். நோயுற்ற பெருஞ்செல்வர் ஒருவர் சிறுநீரகம் வாங்க முயன்றார். விற்க வந்தவர் இந்தோனேசிய ஏழை இளைஞர். இருவரும் பிடிபட்டனர். விற்க வந்தவருக்கு இரண்டு வாரச் சிறை, 1,000 வெள்ளி அபராதம். வாங்க முயன்றவருக்கு 17,000 வெள்ளி அபராதம்; சிறையோ ஒரே நாள்!

செல்வரின் உடல்நிலையைக் கருதியே குறைந்த சிறை. நோயாளிக்கு இரங்கியது தவறன்று. வறுமையும் நோயல்லவா? அதற்கு இரங்குவோர் யார்?

"விரும்பித்தானே விற்கிறான்!" என்பார் சிலர். அப்படியானால் பணக்காரர் எவராவது தம் சிறுநீரகத்தை விற்றதுண்டா? சீவிய பால்மரத்தில் பட்டை மறுபடி வளரும். அறுத்தெடுத்த சிறுநீரகம் வளருமா?

நாம் கேட்பது பிச்சையன்று. மாற்றுச் சிகிச்சைக்கான வரிசையை நோயின் கடுமையும் காத்திருந்த காலமும் தீர்மானிக்கட்டும். பணப்பை தீர்மானிக்க வேண்டாம். இரத்தச் சுத்திகரிப்பு கூலிக்காரனுக்கும் எட்டட்டும். கேட்கும் நாமும், இறந்தபின் உறுப்பைக் கொடுக்க முன்வருவோம். கொடுப்பதில் ஏழை சமமென்றால், பெறுவதிலும் சமமே!