இருதயமும் உடற்பருமனும்

பருத்த உடலுடையான் ஒருவனைக் கண்டவிடத்து, "இவன் பெருந்தீனிக்காரன்; உழைப்பிற்குச் சோம்புவோன்" என்று தீர்ப்புரைத்துவிடுதல் உலகத்தார் இயல்பு. விடுதியில் உணவுண்ணும் வேளையிலும், விளையாட்டு மைதானத்திலும், இத்தீர்ப்பு நகைச்சொல்லாக மாறி இளைஞர் உள்ளத்தைப் புண்படுத்துதலை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம். இந்நகைப்பு அறத்திற்குப் பொருந்தாமையை யாவரும் அறிவர். அஃது உடல்நூலுக்கும் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் சொல்லப் புகுவது.

உண்ட உணவிற் செலவானது போக எஞ்சியது கொழுப்பாகச் சேரும் என்னுங் கணக்குப் பொய்யன்று. ஆயினும், அக்கணக்கில் வரவு மாத்திரமே நம் கண்ணுக்குப் புலனாகின்றது. செலவை நடத்தும் உறுப்புகள் உள்ளே பல. அவற்றுள் இருதயமும் ஒன்று என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

1628-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவராகிய வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்குஞ் சுற்றியோடுதலை விளக்கி நூல் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் இருதயம் ஓயாது இறைக்கும் ஓர் இயந்திரமாகவே எண்ணப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் அவ்வுறுப்பிற்கு வேறு தொழிலும் வேண்டுமோ என்று கருதினர் போலும்! 1981-ஆம் ஆண்டில், கனடா தேசத்தில், அடால்ஃபோ டி போல்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் எலியின் இருதய மேலறைகளினின்றும் எடுத்த சாற்றை வேறு எலிகளின் குருதியிற் செலுத்தினர். அவற்றின் சிறுநீரில் உப்பும் நீரும் மிகுதியாக வெளிப்பட்டன. இருதயம் ஹார்மோன் சுரப்பதோர் உறுப்புமாம் என்பது இவ்வாறு வெளியாயிற்று. அந்த ஹார்மோன் மனிதருடைய கொழுப்பணுக்களிற் சேர்ந்த கொழுப்பைக் கரைக்கவும் வல்லது என்பதைப் பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகர ஆராய்ச்சியாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

2012-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள டாலஸ் நகரில், எரிக் ஆல்சன் குழுவினர் மெட்13 என்னும் புரதத்தை இருதயத்தில் மாத்திரம் மிகுவித்த சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த இரையை ஊட்டினர். அவை மற்றைச் சுண்டெலிகளைப்போற் பருக்கவில்லை. இருதயத்தினின்று குருதிவழிச் செல்லும் ஏதோவொரு குறிப்பு, ஈரலையும் கொழுப்புத் திசுவையும் மிகுதியாகச் செலவிடச் செய்கின்றது என 2014-ஆம் ஆண்டில் வந்த ஆய்வு உணர்த்திற்று. ஓர் உறுப்பிற் செய்த மாற்றம் உடல் முழுவதன் கணக்கையும் மாற்றிவிட்டது.

இனி, மனிதர் நிலை யாது? அமெரிக்காவின் பிராமிங்காம் நகர மக்களிடை நிகழ்ந்த ஆராய்ச்சி, பருமனுற்றோர் குருதியில் இருதய ஹார்மோன்கள் குறைந்திருத்தலை 2004-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டிற்று. கொழுப்பைக் கரைக்குந் துணை எவர்க்கு மிகுதியும் வேண்டுமோ, அவரிடத்தே அது குறைந்துள்ளது! அத்தகையாரைப் பார்த்து, "மனவுறுதி அற்றவன்" என்று இகழ்தல், பாரஞ் சுமப்பானை மெல்ல நடக்கின்றான் என்று பழிப்பதனோடு ஒக்கும்.

"அங்ஙனமாயின் மிதவுணவும் உடற்பயிற்சியும் வேண்டாவோ?" என வினவுவாரும் உளர். சுண்டெலிக்கு உற்றதெல்லாம் மனிதனுக்கும் உறும் என்று துணிதல் கூடாது. பருமனைப் போக்கும் மருந்து இருதயத்தினின்று நாளையே கிடைக்கும் என்று காத்திருத்தலும் பேதைமை. விரைந்து நடக்கும்போதும் ஓடும்போதும் இருதயம் அந்த ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகின்றது. ஆதலின் பயிற்சியை இவ்வாராய்ச்சி தள்ளவில்லை. அதற்குப் புதியதொரு காரணமே தருகின்றது. ஆனால், பருத்த மாணவன் மைதானத்திற்கு வருதல் வேண்டுமாயின், அங்கே அவனை நகைப்பார் இருத்தல் ஆகாது.

ஓருறுப்பின் குறையை மற்றைய உறுப்புகளும் சுமக்குமாறு இறைவன் உடலை அமைத்திருக்கின்றான். கல்லூரியும் ஓருடலே. நம் தோழன் ஒருவன் சுமக்கும் பாரத்தை நகையாலே மிகுவியாது, அவனுடன் நாலடி நடந்து குறைப்போமாக.