கணிப்பொறிக்கும் ஓர் ஏரி வாரியம்

முன்னாளில் ஒரு சங்கம் நடத்த ஓர் இரும்புப் பெட்டியும், உறுப்பினர் பேரேடும், சந்தா இரசீதுப் புத்தகமும் இருந்தால் போதும். இன்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் நடத்தும் மன்றங்கள் பலவற்றின் பேரேடு கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. குடும்பத் தலைவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், குருதி வகை, மணம் பேச வேண்டிய பிள்ளைகளின் விவரம் யாவும் அதனுள் அடக்கம். சங்கத்தின் கையிருப்போ சிறிது. எனவே, விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளையே நாடுகிறோம். அதனோடு ஒட்டவைக்கும் சிறு துணைக் கருவிகளையும், அதாவது செருகுநிரல்களையும், வேண்டுமட்டும் சேர்த்துக்கொள்கிறோம். சந்தா நினைவூட்ட ஒன்று; படங்களைச் சுருக்க ஒன்று; தமிழில் தட்டச்சுச் செய்ய ஒன்று. ஆக்கியவர் யார், அவர் இன்றும் அதனைக் கவனிக்கின்றாரா என்று கேட்பார் அரியர். பொருத்திக் கொடுத்த இளைஞரும் வேலை கிடைத்துப் புணேவுக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்.

இலவசம் என்றாலே இழிந்தது என்பது நம் கருத்தன்று. கணிப்பொறியில் தமிழ் வளர்ந்ததே கூலி கருதாத அன்பர்களால்தான். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பல நாட்டுத் தமிழர் தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து எவரும் விலையின்றிப் படிக்குமாறு அளித்தனர். தொடக்கத்தில் அந்நூல்கள் அன்று வழங்கிய ஒரு குறியீட்டு முறையில் அமைந்தன. பின்னர் யூனிகோடு பரவியபோது, அவற்றை அம்முறைக்கு மாற்றித் தர அங்கே ஆட்கள் இருந்தார்கள். அதனால் நூல்கள் பிழைத்தன. அதே காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் அச்சிட்ட எத்தனையோ சங்க மலர்களின் கோப்புகள் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாய்க் கிடக்கின்றன. இரண்டிலும் கருவி இலவசமே. ஒன்றுக்குக் காப்பாளர் இருந்தார்; மற்றதற்கு இல்லை.

எழுத்துச் சிதைந்தால் மனவருத்தத்தோடு போகும். பேரேடு பிறர் கைக்குப் போனாலோ செய்தி வேறு. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு செருகுநிரல் இருந்தது. கூகுள் குரோம் உலாவியில் திறந்து வைத்து மறந்த பக்கங்களை உறங்கச் செய்து கணிப்பொறியின் சுமையைக் குறைக்கும் நல்ல கருவி. இருபது இலட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தனர். ஆக்கியவர் அதைப் பேணும் சுமையிலிருந்து விலகி, 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் முகமறியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். புதியவர் கையில் அது தீங்கு நிரலாயிற்று என்று கூறி, 2021 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் அதை நீக்கியது. பெயர் மாறவில்லை, வீட்டுக்குள் இருந்த வேலையாள்தான் மாறிவிட்டார். வாசற்கதவைப் பூட்டி என்ன பயன்?

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இணையத்தில் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் மறைவாய்ச் செல்லத் துணைநிற்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் இலவச நிரலில், 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அப்போதுதான் உலகம் ஓர் உண்மையை அறிந்தது: கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த அந்நிரலுக்கு முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே; ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதைக்கொண்டு பொருள் ஈட்டிய நிறுவனங்களுக்கு அதுவரை அது உறைக்கவில்லை போலும்!

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஏரியும் குளமும் ஊருக்குப் பொது; நீருக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆனால் மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்குப் போயாக வேண்டும். அதுவே குடிமராமத்து. அவ்வழக்கம் தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858இல் சட்டமே இயற்றிப் பார்த்தது. தமிழ்நாட்டரசு 2017இல் அப்பெயரால் ஒரு திட்டம் தொடங்கியது. இவற்றிற்கெல்லாம் முன்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்து 360 நாள் பணியில் அமர்த்துமாறு கூறுகிறது. ஏரி எல்லோருடையது என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. இன்னார் பொறுப்பு என்று கல்லில் வெட்டினர்.

நம் சங்கங்களுக்கு அறுவர் வேண்டாம், இருவர் போதும். இருவர் என்பதற்குக் காரணம், ஒருவர் ஊர் மாறினாலும் மற்றவர் இருப்பார் என்பதே. திறவுச் சொற்கள் இருவரிடமும் இருக்கட்டும். எந்தெந்தத் துணைக் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். ஈராண்டாகத் திருத்தம் காணாததை ஐயத்தோடு நோக்குக. தேவையற்றதை உடனே அகற்றுக. பேரேட்டின் படி ஒன்றை, எந்தக் கணிப்பொறியும் படிக்கத்தக்க எளிய அட்டவணையாகத் திங்கள்தோறும் எடுத்துத் தனியே வைத்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது. கருவி கெட்டாலும் பெயர்கள் கெடமாட்டா. மணமக்கள் விவரத்தைச் செருகுநிரல்கள் நிறைந்த கணிப்பொறியில் வைக்காதிருப்பதே நன்று. அதற்குப் பழைய நோட்டுப் புத்தகமே போதும். இதை நகைப்புக்குக் கூறவில்லை.

நாம் பயன்படுத்தும் கருவியை ஒருவர் இன்றும் பேணி வருவாராயின், பொங்கல் மலருக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை ஆண்டுதோறும் அவருக்கு அனுப்பலாம். பொதுக்குழுவில் இச்செலவை வைத்தால், 'இலவசப் பொருளுக்குப் பணம் எதற்கு?' என்று எவரேனும் எழுந்து கேட்பார். அவர் நெல்லைப் பக்கத்தவராயின், ஊரில் குளம் வெட்டியபோது அவர் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று கேளுங்கள்.