முதல் ஊசியைப் பொன்னேரியிலேயே போடுங்கள்

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் பத்து நாள் சிசு பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் வீட்டில் பட்சி தோஷம் என்பார்கள். மருத்துவமனையில் பாக்டீரியாத் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். பெரும்பாலும் மருத்துவர் கணிப்பு சரியாகவே இருக்கும். ஹெர்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால்தான் வினை. அது ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. தோலில் கொப்புளம் வரும் என்று காத்திருக்கவும் முடியாது. பல குழந்தைகளுக்கு அது வருவதே இல்லை. வைரஸ் உடலெங்கும் பரவி, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் நூற்றில் 85 குழந்தைகள் வரை இறந்துவிடும். அசைக்ளோவிர் ஊசியை உரிய அளவில் போட்டால் அது சுமார் 30 ஆக இறங்குகிறது.

ஆகவே பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகம் எழுந்ததுமே ஊசி போட வேண்டும். அதுவும் பொன்னேரி அரசு மருத்துவமனையிலேயே. கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் எண்ணூர்ச் சாலையில் 108 வண்டி ஊர்ந்து, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல.

அரிய நோய்க்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். உலக அளவில் லட்சம் பிறப்புக்குச் சுமார் 10 என்பது உண்மைதான். ஆனால் தமிழகத்தின் சிசு மரண விகிதம் 2020இலேயே ஆயிரத்துக்கு 13 ஆகக் குறைந்துவிட்டது. எளிதில் தடுக்கக்கூடிய மரணங்களைத் தடுத்தாயிற்று. இனி அரியவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். செலவும் பெரிதல்ல. மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60 மில்லிகிராம். 250 மில்லிகிராம் குப்பி ஒன்றே முதல் ஊசிக்குத் தாராளம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது ஒரு சுமையா?

பிரசவமான தாய் சில நாளில் வீடு திரும்பிவிடுகிறாள். நோய் தலைகாட்டுவதோ பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில். 7, 14, 21ஆம் நாள்களில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளருக்கு இந்நோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. உதட்டில் கொப்புளத்தோடு இருப்பவர் குழந்தையை முத்தமிடவோ, விரலால் சேனை தொட்டு வைக்கவோ கூடாது என்பதையும் அவர் சொல்லட்டும். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்துதான் தொற்றுகிறது. தனக்கு இந்த வைரஸ் இருப்பதே பல தாய்மார்களுக்குத் தெரியாது. பாலுறவாலும் பரவுவது என்பதற்காக அவர்களிடம் ஒழுக்க விசாரணை நடத்துவது அநியாயம்.

நியூயார்க் நகரில் 2006 முதல் இந்நோயை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நம்மிடம் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் வழியே இங்கும் கட்டாயமாக்கினால்தான், ராயபுரத்துக்கும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் எத்தனை குழந்தைகள் தாமதமாக வந்து சேர்ந்தன என்று சுகாதாரத் துறையைக் கேட்க முடியும்.